சோத்தாங்கைப் பக்கம்

வரத்தின் தொழிலை அவன் அம்மா பூமா அக்கம்பக்கத்தில் இப்படித்தான் விளக்குவாள்: "கொழந்தை குழாய்க்கெல்லாம் ஸ்கேன் எடுக்கறான்." கேட்டவர்கள் குழாய்க்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வாயெடுத்து, எதற்கு வம்பு என்று மூடிக்கொள்வார்கள்.

அம்மா சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் கிடையாது. பால் பண்ணைகளிலும் மாம்பழக்கூழ் ஆலைகளிலும் வெப்பமாற்றி என்று ஒரு சாதனம் இருக்கும். படுத்துக்கிடக்கும் பெரிய உருளை, அதற்குள் விறகுக்கட்டு அடுக்கினாற்போல நூற்றுக்கணக்கான எவர்சில்வர் குழாய்கள். உருளைக்குள் நீராவி, குழாய்களுக்குள் கூழ். எந்தக் குழாய் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அறுத்த பிறகு தெரிந்து யாருக்கு என்ன லாபம். அதனால் அறுக்காமல் பார்க்கவேண்டும். நீண்ட ஒயரின் நுனியில் கட்டைவிரல் கனத்தில் ஒரு ப்ரோப். அதைக் குழாயின் இந்த முனையில் நுழைத்து அந்த முனைவரை தள்ளி, மெல்ல இழுப்பார்கள். ப்ரோபுக்குள் இருக்கும் கம்பிச்சுருள், குழாயின் உலோகத்தில் சின்னச் சின்ன மின்சுழல்களைக் கிளப்பிவிடும். உலோகம் முழுசாக இருந்தால் சுழல் சமர்த்தாகச் சுற்றும். எங்காவது குழி விழுந்திருந்தால் தடம் மாறும். உடனே லேப்டாப் திரையில் எட்டு வடிவத்தில் ஒரு கோடு சாய்ந்து படுக்கும். அது சாய்ந்திருக்கிற கோணத்தை வைத்துக் குழியின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். வரத் அந்த எட்டுகளைப் படிக்கிறவன். முறைக்கு 'எடி கரண்ட்' என்று பெயர். பெண் கொடுக்க வந்தவர்கள் பெயரைக் கேட்டதும் கரண்ட் ஆபீஸ் வேலை என்று மகிழ்வார்கள். விளக்கம் கேட்டபிறகு ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

கெட்டுப்போன குழாயை உடனே மாற்றமாட்டார்கள். இரண்டு முனையிலும் ஆப்பு மாதிரி அடைப்பை அடித்து மூடிவிடுவார்கள். அது ரிட்டயரான உத்தியோகஸ்தர் போல இடத்தை அடைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் நடுவிலேயே கிடக்கும். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு முனையிலும் மூடப்படுவது ஒரே குழாயாக இருக்கவேண்டும்.

கேட்கத்தான் இது சுலபம். தகட்டில் இருக்கிற அத்தனை ஓட்டைக்கும் ஒரே முகம். மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பதில் தகராறு வராது. மேல் என்பது இரண்டு முனைக்கும் மேல்தான். பக்கவாட்டில் எண்ணும்போதுதான் வம்பு. எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேரில் ஒருவனுக்கு வலது என்பது மற்றவனுக்கு இடது. இதற்காக மற்ற கம்பெனிக்காரர்கள் ஓட்டைக்கு ஓட்டை எண் போட்ட வரைபடம் வைத்திருந்தார்கள். ஆப்பு அடிக்குமுன் குழாய்க்குள் மறுபடி ஒரு கம்பியை விட்டு, அது எங்கே எட்டிப்பார்க்கிறது என்று சோதித்தார்கள். வரத் இது எதையும் செய்ததில்லை. அவனுக்கு மறுமுனையில் ஜெர்ரி இருந்தான்.

ஜெர்ரி சித்தூர்க்காரன். அப்பா அசரியா, மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு லெஃப்ட் ரைட் கற்றுக்கொடுத்த அந்த மனிதருக்குப் பிறந்தது இடதுகைக்காரப் பிள்ளை. அடித்துப் பார்த்தார், கையைக் கட்டிப் பார்த்தார், ஜெபக்கூட்டத்தில்கூடச் சொல்லிப் பார்த்தார். கை அதன்பாட்டுக்கு இருந்தது.

திருப்பதி இன்ஜினியரிங் கல்லூரியில் வரத்தும் ஜெர்ரியும் ஒரே பெஞ்ச். முதல்முறை வரத் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது ஜெர்ரி புளியோதரையில் இடதுகையை வைத்தான். பெருமாள் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். பூமாவுக்குக் கரண்டி நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, சோத்தாங்கையால சாப்பிடப்படாதோ?"

ஜெர்ரி தன் இடதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சோறு துன்ற கைதானே ஆண்ட்டி சோத்தாங்கை? எனக்கு இதான்."

பூமா யோசித்துப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் அது வழக்கமாகிவிட்டது. சோத்தாங்கை என்றால் வரத்துக்கு வலது, ஜெர்ரிக்கு இடது.

படிப்பு முடிந்து இருவரும் திருப்பதியில் ஸௌரிராஜன் சாரின் சோதனைக் கம்பெனியில் சேர்ந்தார்கள். வரத் இந்த முனையில் நின்று கத்துவான்: "ஆறாவது வரிசை, சோத்தாங்கைப் பக்கத்துலேர்ந்து நாலு." ஜெர்ரி அந்த முனையில் தன் சோத்தாங்கைப் பக்கத்திலிருந்து எண்ணி மார்க்கர் வைப்பான். எதிரெதிரே நிற்பதால் வரத்தின் வலது எதுவோ அதுதான் ஜெர்ரியின் இடது. குறி விழுவது அதே குழாயில். வேடிக்கைக்கு ஆரம்பித்தது வேலைக்கு உதவியது. சித்தூர் ஜில்லாவில் பாதி ஆலைகளில் பார்த்தாயிற்று, ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஏன் பிசகவில்லை என்று வரத் உட்கார்ந்து யோசித்ததும் இல்லை. சரியாக நடக்கிற காரியத்தைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

வரத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும், அதற்குமுன் வாயில் ஒரு ஜோக் வந்து நிற்கும். பதிலை விழுங்கிவிட்டு ஜோக்கைத் துப்புவான். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. கல்லூரியில் இதற்காகவே அவனை ஆண்டுவிழா மேடையில் ஏற்றினார்கள். அங்கே அது வியாதி என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் ஆபீசில் டீ நேரம். ஸௌரிராஜன் சார் எந்த வேலைக்கு எத்தனை ஆள் போகிறார்கள் என்று வாய்க்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று வரத் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா வரது, மிஷின் உங்கிட்ட. படிக்கறது நீ. அந்தப் பையன் பின்னாடி நின்னுண்டு என்னதான் பண்றான்?"

வரத்துக்குப் பதில் தெரியும். ப்ரோபைப் பிடிக்கிறான், துடைக்கிறான், குழாய் உள்ளே அழுக்கு இருந்தால் சொல்கிறான், குறி வைக்கிறான், ஃபிட்டர்களோடு பேசி அவர்களை வேலை வாங்குகிறான். ஆனால் கேள்வி அத்தனை அழகாக அமைந்துவிட்டது.

"குழாய் அந்தப் பக்கமும் முடியறதான்னு பாத்துண்டிருக்கான் சார்."

அக்கவுண்ட்ஸ் பிரியங்காவுக்கு டீ புரையேறியது. ஸௌரிராஜன் சார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அன்று மாலைவரை வரத் சந்தோஷமாக இருந்தான்.

அடுத்த வாரம் ஜெர்ரியை நிறுத்திவிட்டார்கள். சார் அவனை அறைக்குள் கூப்பிட்டு, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி, கஷ்டத்தைக் குறைக்க அந்த ஜோக்கையும் சொன்னார். "வரதே சொல்லிட்டானேப்பா."

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ்ஸுக்கு ஜெர்ரி பையோடு நின்றிருந்தான். வரத் பக்கத்தில் போய் நின்றான். மன்னிப்பு கேட்கத்தான் போனான்.

"நல்லா கீது மச்சா அந்த ஜோக்கு," என்றான் ஜெர்ரி. "சார் சொன்னப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. அவர் ரூம்லயே சிரிச்சிட்டேன்."

"டேய், அது..."

"வுடு. கங்காதர நெல்லூர் ரோட்டு மாம்பழக்கூழ் ஃபாக்டரி மேடம் கீறாங்கல்ல, சிவசங்கரி மேடம், அவங்க கூப்ட்டு பேசினாங்க. சீசன் முடிஞ்சதும் மெயின்டெனன்ஸ்ல எடுத்துக்கிறாங்களாம். எனக்கும் அதான் வசதி. நைனா இடுப்பு ஒடைஞ்சதுல இருந்து காலைல ஆள் புடிக்காம எழுந்துக்க முடியல. வீட்டுலருந்தே போய்க்கினு வந்துக்கினு இருக்கலாம்."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். வரத்தின் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் பஸ் வந்தது.

"எடது பக்கமா பாத்து உக்காரு," என்றான் வரத். "உனக்கு அதான் வலது."

ஜெர்ரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஏறி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான். வரத் இரவில் போனை எடுத்து மன்னிப்பு என்று அடித்து, அழித்து, சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் வந்தது. அத்தோடு அது முடிந்துவிட்டதாக வரத் எண்ணிக்கொண்டான். எண்ணிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

மே மாதம் அதே கூழ் ஆலைக்கு வருஷாந்திரச் சோதனைக்குப் போனார்கள். சிவசங்கரி மேடம் அன்று பலமனேர் போயிருந்தார். மறுமுனைக்குப் புதிதாக வேணு. நல்ல பையன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். இரண்டு கைகளில் சோறு தின்பது வலதுகை, எல்லாரையும்போல.

குழாய்களை எல்லாம் பார்த்துமுடித்து, ப்ரோபைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, நிழலில் உட்கார்ந்து எட்டுகளைப் படித்தான் வரத். ஆறு குழாய் தேறாது. தகட்டின் முன்னால் வந்து நின்று வழக்கம்போலக் கத்தினான்.

"வேணு, ஆறாவது வரிசை, சோத்தாங்கைப் பக்கத்துலேர்ந்து நாலு."

"சோத்தாங்கையா சார்? சரி சார்."

வேணு தன் சோத்தாங்கைப் பக்கத்திலிருந்து எண்ணினான். அவன்மீது ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. தமிழ் தெரிந்த எவனும் அப்படித்தான் எண்ணுவான். ஃபிட்டர் முனிரத்னம் இரண்டு பக்கமும் ஆப்புகளை அடித்தான். வேணு அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். வரத் தன் பக்கத்துப் படத்தோடு அதை ஒத்துப் பார்த்தான். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. மேலே இரண்டு, நடுவில் சரிந்தாற்போல மூன்று, கீழே ஒன்று.

"பர்ஃபெக்ட்," என்றான்.

ஒரு குழாயின் இரண்டு முனைகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படம் எடுத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும். ஒன்றுபோல இருந்தால், அதுதான் தப்பு. ஜெர்ரி எடுத்த படங்கள் எப்போதும் திரும்பித்தான் இருந்தன. வரத் அவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஜெர்ரி வைத்தால் சரியாக இருக்கும் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவை இருக்கவில்லை.

ஜூலையில், தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து கங்காதர நெல்லூர் ரோடுவரை வரிசை கட்டி நின்ற வேளையில், பாய்லர் மாம்பழம் சாப்பிட்டது. கெட்ட குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருந்ததால், திறந்த வழியாகக் கூழ் உள்ளே போய், கிழிசல் வழியாக நீராவிப் பக்கம் கசிந்து, ஆவி குளிர்ந்த தண்ணீரோடு சேர்ந்து பாய்லருக்கே திரும்பிவிட்டது. பாய்லரின் கண்ணாடிக் குழலில் மஞ்சள் நுரை பொங்குகிறது என்று முனிரத்னம் ஓடிவந்து சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லையாம். ஆலை நின்றது. வெளியே மாங்காய் டிராக்டரிலேயே பழுத்து, பழுத்தது அழுகத் தொடங்கியது. வாசனை ஊரெங்கும் வந்தது. நல்ல வாசனைதான். அதுதான் கொடுமை.

வரத் போய்ச் சேர்ந்தபோது விவசாயிகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் அவன் கையிலிருந்த லேப்டாப் பையைப் பார்த்து, ஏதோ டாக்டர் வந்துவிட்டார் என்பதுபோல வழி விட்டார். உள்ளே வெப்பமாற்றியின் மூடிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். வரத் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். மறுபடி இந்தப் பக்கம் வந்தான். மேலே இரண்டு, சரிந்தாற்போல மூன்று, கீழே ஒன்று. தன் வலதுகையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

ஸௌரிராஜன் சாருக்குப் போன் போட்டான். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அந்த எடதுகைக்காரன் பழக்கிவெச்ச கோணங்கித்தனம்னு சொல்லு."

"சார், கூப்பிட்டது நான்."

"அவன் இல்லேன்னா நீ அப்படிக் கூப்பிட்டிருப்பியோ? நான் அந்த ஆலை அம்மாகிட்ட இப்பவே போன்ல அப்படித்தான் சொல்லப்போறேன். அவன்தான் இப்போ நம்மகிட்ட இல்லையேடா. யாருக்கு என்ன வரப்போறது?"

சிவசங்கரி மேடம் ஷெட்டுக்குள்ளேயே காத்திருந்தார். நாற்பது வயதுக்காரர். தமிழ், தெலுங்கு இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. சுற்றி முனிரத்னமும் இன்னும் சில ஃபிட்டர்களும்.

"செப்பண்டி வரத். உங்க சார் போன்ல சொன்னாரு, இது ஜெர்ரி பழக்கிவெச்ச தப்புன்னு. நான் அந்தப் பையன இங்க எடுக்கலாம்னு இருக்கேன். அதான் கேக்கறேன். நிஜமா?"

இத்தனை நேரான கேள்வியை வரத்திடம் யாரும் கேட்டதில்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்: 'இல்லை'. அந்தச் சொல் வாயில் இருந்தது. ஆனால் வெறுமனே இல்லை என்றால் நம்புவாரா? விவரமாகச் சொன்னால்தானே ஜெர்ரிமேல் தப்பில்லை என்று விளங்கும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.

"மேடம், ஜெர்ரி எங்காத்துக்கு மொதல் தடவ சாப்பிட வந்தப்போ..."

சோத்தாங்கை வந்ததும் முனிரத்னம் களுக்கென்று சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் வரத்துக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. முகம் கல்லாகிவிட்டது. அம்மாவின் குரலில் பேசினான். கரண்டி அந்தரத்தில் நின்றதைக் காட்டினான். டிரில் மாஸ்டர் அசரியா மகன் கையைக் கயிற்றால் கட்டியதைச் சொன்னான். தெலுங்கு மட்டும் தெரிந்த ஃபிட்டருக்காக எடம சேயி, குடி சேயி என்று இடதுகை வலதுகையை ஒருமுறை திருப்பிச் சொன்னான். தெலுங்கில் அது இன்னும் நன்றாக இருந்தது. முனிரத்னத்தை அந்த முனையில் நிற்கவைத்து, சோறு பிசைகிற மாதிரி காட்டச் சொன்னான். அவன் வலதுகையால் பிசைந்தான். "பாத்தேளா, இதான் வேணு. இப்போ ஜெர்ரி..." என்று தானே அந்தப் பக்கம் ஓடி இடதுகையால் பிசைந்தான்.

ஷெட் முழுக்கச் சிரித்தது. தரையில் குந்திவிட்டான் ஒருவன். சிவசங்கரி மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பாய்லர் நின்ற நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அய்யோ தேவுடா," என்றார் மூச்சு வாங்கி. "பாவம்ப்பா அந்தப் பையன். நல்ல பையன்தான். ஆனா எது எடது எது வலதுன்னு இவ்ளோ கொழப்பம் இருந்தா வால்வு பக்கம் எப்படி விடறது? வேற யாரையாச்சும் பாக்கணும்."

வரத் உறைந்து நின்றான். இடதுகை இன்னும் சோறு பிசைகிற நிலையில் இருந்தது.

"இல்ல மேடம். அவனுக்குக் கொழப்பமே இல்ல. எனக்குத்தான்..."

"ஃப்ரெண்ட விட்டுக்குடுக்க மாட்டீங்க," என்றார் மேடம் கனிவாக. முனிரத்னம் மறுபடி காற்றில் சோறு பிசைந்து காட்டினான். மறுபடி சிரிப்பு. வரத் சொன்னது எதுவும் அதற்குப்பிறகு யார் காதிலும் ஏறவில்லை. ஒருவேளை ஏறியிருந்தாலும், அதை அடுத்த ஜோக்கின் ஆரம்பம் என்று நினைத்துக் காத்திருப்பார்கள்.

இந்தமுறை ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுப் பார்த்து ஆப்புகளைச் சரியான இடத்தில் அடித்தான். மாலைக்குள் ஆலை ஓடத் தொடங்கியது. அழுகிய மாங்காயை விவசாயிகள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். மாடுகள் வந்தன.

மறுநாள் சித்தூர் போனான். ஜெர்ரியின் வீட்டு வாசலில் அசரியா நாற்காலியில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் நாலுகால் ஊன்றுகோல். அவனை அடையாளம் கண்டுகொண்டு, "வாப்பா அய்யரே," என்றார். அய்யரில்லை அய்யங்கார் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவர் டிரில் மாஸ்டர், ஒருதடவை பழகியதை மாற்றிக்கொள்ளமாட்டார்.

ஜெர்ரி உள்ளேயிருந்து வந்தான். அப்பாவின் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி, உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான்.

"மேடம் போன் பண்ணாங்க," என்றான். "இப்போதிக்கு வேணாம், அப்புறம் பாக்கலாம்னு."

"நான் உனக்காகத்தான்டா சொல்ல ஆரம்பிச்சேன்."

"தெரியும். முனிரத்னம் போன் பண்ணான். முழுசா சொன்னான். நீ ரெண்டு பக்கமும் ஓடி ஓடி காட்டினியாமே. அவன் சொல்றப்பவே அவ்ளோ சிரிப்பு. நீ சொல்லச்சொல்ல எப்டி இருந்திருக்கும்."

உள்ளே அசரியா இருமினார்.

"ரேய் வரத்து," என்றான் ஜெர்ரி. "ஒரு வாட்டி சிரிப்பு இல்லாம சொல்லேன். இன்னா நடந்துச்சுன்னு. எங்கிட்ட சொல்லு."

வரத் வாயைத் திறந்தான். முதலில் வந்தது ஒரு ஜோக். அதை விழுங்கினான். இரண்டாவதும் வந்தது. அதையும் விழுங்கினான். இத்தனை காலம் பதில்களைத்தான் விழுங்கிப் பழக்கம், ஜோக்குகள் தொண்டையில் அடைத்தன. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எந்தப் பக்கம்னு தப்பா கூப்பிட்டது நான். அடிக்கறதுக்கு முன்னாடி சரிபாக்காததும் நான்."

ஜெர்ரி இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"கொஞ்சூண்டுதானே கீது," என்றான் ஜெர்ரி. "அங்கயே சொல்லிருக்கலாம்ல."

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே வியந்தமாதிரி இருந்தது. குத்தியிருந்தால் வரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். டீ போடட்டுமா என்று ஜெர்ரி கேட்டான். வரத் வேண்டாமென்றான். ஜெர்ரி வற்புறுத்தவில்லை. முன்பெல்லாம் வற்புறுத்துவான்.

வரத் திருப்பதிக்குத் திரும்பவில்லை. ஆட்டோ பிடித்து நேராக ஆலைக்குப் போனான். சிவசங்கரி மேடம் கேட்டருகே நின்று டிராக்டர்களை எடைமேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பு தயாராகிவிட்டது. எடைமேடை ஆளிடம், "இவர்தான்ப்பா அது," என்று அறிமுகமும் செய்தார்.

"மேடம், எந்தப் பக்கம்னு தப்பா கூப்பிட்டது நான். சரிபாக்காததும் நான். ஜெர்ரி இருந்தவரைக்கும் ஒரு கொழாயும் தப்பானதில்ல."

மேடம் தலையை ஆட்டினார். எடைமேடை ஆளும் ஆட்டினான். இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்புறம்?" என்றார் மேடம்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். அவ்வளவுதான்."

சிரிப்பு மெல்ல வடிந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"ஏன்ப்பா, இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

வரத் வாயில் ஜோக் எதுவும் வந்து நிற்கவில்லை. அவர் போனை எடுத்து ஜெர்ரிக்குப் போட்டார். வெளிச்சத்தம் அதிகமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜெர்ரி, மேடம் பேசறேன். நேத்து நான் சொன்னத மறந்துடு. சீசன் முடியற வரைக்கும்கூட காத்திருக்க வேணாம், திங்கக்கிழமையே வந்துடு."

அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பரவால்ல மேடம். நேத்து நீங்க போன் பண்ணதுக்கப்புறம் நான் ஒசூர்ல ஒரு கம்பெனிக்கு வரேன்னு சொல்லிட்டேன். ஞானம்மா அத்தைய வரச் சொல்லிக்கிறேன், நைனாவ பாத்துக்க. அதுவும் இல்லாம..." நிறுத்தினான். "அங்க எல்லாருக்கும் அந்தக் கத தெரிஞ்சிபோச்சு மேடம். நான் வால்வ தொட்டா சிரிப்பாங்க. சரியா தொட்டாலும் சிரிப்பாங்க."

மேடம் வரத்தைப் பார்த்தார். "வரத் இங்கதான் நிக்கறாரு. பேசறியா?"

"வேலையா கீறேன்னு சொல்லிடுங்க மேடம்," என்றான் ஜெர்ரி மரியாதையாக. "நைனாவ குளிக்க வெச்சிக்கினு இருக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மேடம் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிராக்டர்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். வரத் வழியில் நிற்பதை உணர்ந்து ஒதுங்கினான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாற, எடைமேடை ஆள் அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டான்.